இரும்புப் பாலத்தின் ஆறாவது கட்டம்

இந்த மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் இருவருக்கும்,

பணி ஓய்வு பெறுகிறவர்கள்தான் வழக்கமாக இப்படி எழுதுவார்கள். எனக்கு வயது முப்பத்திரண்டு. தலையில் ஒரு நரை இல்லை. சட்டம் படிக்கப் போகிறேன், அவ்வளவே. ஆயினும் ஏழு ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தவள் என்ற உரிமையில், ஓய்வு பெறுகிறவர்களின் குரலில் சிறிது நேரம் பேசிப் பார்க்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வேலை என்னவென்று வெளியாருக்கு விளக்குவது கடினம். நம் அலுவலகத்துப் பொறியாளர்கள் பழைய பாலங்களை அளக்கிறார்கள். நீங்களும் நானும் அந்தப் பாலத்தின் வரலாற்றை எழுதி, அதை வைத்திருப்பதா எடுப்பதா என்று முடிவு செய்யும் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று வாசிக்கிறோம். பொன்முடி அடிவாரத்திலிருந்து நாஞ்சில் நாடு வரை நம் எல்லை. ஆகவே மலையாளமும் வேண்டும், தமிழும் வேண்டும். என்னை வேலைக்கு எடுத்தபோது என் சான்றிதழ்களை எவரும் புரட்டவில்லை. கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் நான் வாங்கிய கோப்பைகள் எத்தனை என்றுதான் கேட்டார்கள். எண்ணிக்கையைச் சற்றும் கூச்சமின்றிச் சொன்னேன். அன்றிலிருந்து அலுவலகத்தில் எனக்குப் பெயர் ‘பாலத்தின் வக்கீல்’.

அந்தப் பெயரை நான் விரும்பினேன். இன்றும் விரும்புகிறேன். தன்னடக்கம் இந்தக் கடிதத்தில் அதிகம் கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் வென்ற கூட்டங்களின் பட்டியல் அலமாரியில் இருக்கிறது, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகுந்த பெருமை தருவது அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு நாள். அதை எவரும் கோப்பில் எழுத மாட்டார்கள் என்பதால் நானே எழுதி வைக்கிறேன்.

கல்லாற்றுக்கு மேலே, சாலை மலையேறத் தொடங்கும் இடத்தில், ஒரு கிளையாற்றின் குறுக்கே அந்த இரும்புப் பாலம் நிற்கிறது. தேயிலைப் பெட்டிகளைக் கீழே இறக்குவதற்காகத் தோட்டத்துக் கம்பெனி கட்டியது. இருபுறமும் முக்கோணம் முக்கோணமாகத் தண்டுகள் கோத்த எட்டுக் கட்டங்கள். அடியில் நீளவாக்கில் ஓடி மொத்தப் பாரத்தையும் இழுத்துப் பிடிப்பது கீழ்த்தண்டு. இரும்பு கப்பலில் வந்தது. காளை வண்டியில் மலையேறியது. இவற்றையெல்லாம் ஆவணக் காப்பகத்தில் தூசியைத் தின்று கண்டுபிடித்தேன்.

கேள்வி எளியது. பாலம் பழுதென்று இரண்டு ஆண்டுகளாக அடைத்துப் போட்டிருந்தார்கள். புதிய கான்கிரீட் பாலம் வரப் போகிறது. இரும்புப் பாலத்தை எடுத்துவிட்டால் அதே இடத்தில் புதியது எழும். நடைபாலமாக வைத்துக்கொண்டால், புதியது முப்பது அடி கீழே தள்ளிப் போகும்; அந்த வழியில் இசக்கியம்மாவின் பலசரக்குக் கடையின் முன்பாதி போய்விடும்.

இசக்கியம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வரிசைவீட்டில் பிறந்தவர். பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம். ஊரில் மலையாளிகள் ‘இசக்கிச் சேச்சி’ என்பார்கள், தமிழர்கள் ‘இசக்கியக்கா’ என்பார்கள், இரு சாராரும் சண்டைக்காரி என்பார்கள்.

ஊராட்சி மண்டபத்தில் முதல் அமர்வு. நான் மலையாளத்தில் பேசினேன். இருபது நிமிடம், கையில் ஒரு தாள் இல்லாமல். பாலத்தின் பிறப்பைச் சொன்னேன். வார்த்த உலையை, கடந்த கடலை, சுமந்த காளைகளைச் சொன்னேன். உச்சத்தில் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். அதை முந்தின நாள் பேருந்தில் நெடுமங்காடு வரும்வரை சொல்லிச் சொல்லிக் கூர்தீட்டியிருந்தேன். இந்தப் பாலத்தில் ஒரு தண்டு மாற்றப்படவில்லை, ஓர் ஆணி மாற்றப்படவில்லை, முதல் நாள் நின்ற பாலமே இன்றும் நிற்கிறது என்பது அந்த வாக்கியம். கோப்புகளில் பழுதுபார்த்ததாக ஒரு குறிப்பும் இல்லை. ஆகவே பழுதே பார்க்கப்படவில்லை என்று எடுத்துக்கொண்டேன். கவனியுங்கள்: அந்த ஒரு தாவலில்தான் எல்லாம் இருக்கிறது.

கடைசி வரிசையில் இசக்கியம்மா எழுந்தார். தமிழில் பேசினார். கடைப்பக்கம் இருக்கிற கீழ்த்தண்டில் ஒரு துண்டு பாலத்தோடு வந்ததல்ல, பழைய வெள்ளத்துக்குப் பிறகு வேறு இரும்பு வைத்து ஒட்டுப் போட்டது, அதன் மேல் ஆளை ஏற்றாதீர்கள் என்றார். நான்கே வாக்கியங்கள். அவற்றில் அலங்காரம் ஏதும் இல்லை.

எதிர்வாதத்துக்கு எனக்கு அரை நொடி போதும். அதுதான் என் பயிற்சி. சான்று இருக்கிறதா என்று நான் கேட்டிருக்கலாம். எந்தத் துண்டு என்று கேட்டிருக்கலாம். நான் அவரைப் பார்க்கவே இல்லை, அவையைப் பார்த்தேன். தமிழில் வந்த கேள்விக்கு மலையாளத்தில் விடை சொன்னேன். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்த உங்களுக்கு அது எப்படிப்பட்ட செயல் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்த அம்மையாரின் கவலை பாலத்தின் பலவீனத்தைப் பற்றியதா, கடை முன்சுவரின் பலவீனத்தைப் பற்றியதா என்று கேட்டேன்.

மண்டபம் சிரித்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்கள்தான் முதலில் கைதட்டினார்கள். இசக்கியம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். பின்வரிசையில் லயத்துக்காரர்கள் இருந்தார்கள். கம்பெனிப் பாலத்தைப் பற்றித் தங்களுக்கென்ன என்பது போல அவர்கள் சிரிக்கவும் இல்லை, கைதட்டவும் இல்லை.

நடந்துபோகும் ஆட்களைத் தாங்கும் என்ற நம் பொறியாளரின் கணக்கையும் கேட்டுவிட்டு, பாலத்தை வைத்துக்கொள்வது என்று அவை முடிவு செய்தது. கூட்டம் கலையும் முன்பே அம்மன் கோயில் விழாக்குழுவினர் இன்னொன்றையும் அறிவித்தார்கள். இரண்டு ஆண்டாகச் சுற்றுவழியில் போன ஊர்வலம் இந்த ஆண்டு பழையபடி இரும்புப் பாலம் வழியாகவே போகும். பன்னிரண்டு நாளில் விழா. அந்த ஊர்வலத்தில் ஒரு வழக்கம் உண்டு. விளக்கும் பூவும் வைத்த தாலத் தட்டு ஏந்திய பெண்கள் இரண்டு வரிசையாகப் பாலத்தின் நடுவே வந்ததும் நின்றுவிடுவார்கள். ஆற்றுக்கு விளக்குக் காட்டி, செண்டை ஒரு சுற்று முழுதாக அடித்து முடியும்வரை எவரும் நகரக் கூடாது. அதைக் கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது. என் பேச்சுக்குக் கிடைத்த காணிக்கை என்று நினைத்தேன்.

நான்காம் நாள், அலுவலகத்தின் கண்காட்சிப் பலகைக்குப் பாலத்தின் முழுத் தோற்றமும் விழுகிற ஒரு படம் எடுக்க மீண்டும் போனேன். சாலைப் பக்கமிருந்து எடுத்தால் மூங்கில் மறைக்கிறது. மறுபக்கமிருந்து எடுக்க வேண்டுமென்றால் ஒரே இடம்தான் உண்டு: இசக்கியம்மாவின் கடைக்குப் பின்னால், அவர் பாத்திரம் கழுவும் படிக்கட்டு.

கடையில் ஒருவர் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தார். இசக்கியம்மா என்னைப் பார்த்தும் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கைதட்டு வாங்கின மோளு வந்திருக்கா,” என்று சர்க்கரைக்காரரிடம் சொன்னார். “சொவருக்குப் பக்கத்துல நிக்காதே மோளே. பலவீனமான சொவரு, மேல விழுந்துரும்.”

நான் படிக்கட்டுக்குப் போக அனுமதி கேட்டேன். இந்த முறை தமிழில் கேட்டேன்.

“அடடா, தமிழு வருமா ஒனக்கு,” என்றார். “நான் கேட்டப்ப வரல்லியே. போ, போயி எடு. வழுக்கும், செருப்பக் கழத்திட்டு எறங்கு.”

இறங்கினேன். காலை வெயில் பாலத்தின் அந்தப் பக்கத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. படம் எடுத்தேன், நல்ல படம். சரிபார்ப்பதற்காகத் திரையில் பெரிதாக்கினேன். ஒன்று முதல் ஐந்து வரை ஒவ்வொரு கட்டத்திலும் கீழ்த்தண்டின் ஓரத்தில் அடித்து இறுக்கிய ரிவெட் ஆணிகளின் தலைகள் உருண்டையாக, மல்லி விதைபோல வரிசை பிடித்திருந்தன. ஆறாவது கட்டத்தில் அவை உருண்டையாக இல்லை. கனத்த பெயிண்டுக்கு அடியில் ஆறு மூலைகள் தெரிந்தன. போல்ட்டுகள். ஏழிலும் எட்டிலும் மறுபடி உருண்டை.

நான் பொறியாளர் அல்ல. ஆனால் போல்ட்டுக்கும் ரிவெட்டுக்கும் வேறுபாடு தெரிய நான் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. நிமிர்ந்து வெறுங்கண்ணால் பார்த்தேன். அந்த ஒரு துண்டு மட்டும் மற்றவற்றைவிட ஒடுக்கமாக இருப்பது அங்கிருந்தே தெரிந்தது. தினமும் அந்தப் படியில் உட்கார்ந்து சட்டி தேய்க்கிற எவருக்கும் தெரியும்.

மேலே ஏறி வந்தேன். கடையில் அப்போது வேறு எவரும் இல்லை. அவரே தொடங்கினார்.

“கண்டியா?”

“கண்டேன்.”

“பின்னே, எனக்குக் கட வேணும். வேண்டாம்னு ஆரு சொன்னா? எனக்குக் கட வேணும்கறதுக்காக நானா ஆத்துல எறங்கி அந்த போல்ட்ட மாட்டி வெச்சேன்?”

பேச்சில் தன்னலம் இருந்தால் அந்தப் பேச்சு பொய் என்று நான் அவைக்குச் சுட்டிக்காட்டியிருந்தேன். தன்னலம் உள்ளவர்தான் அந்தத் தண்டைத் தினமும் உற்றுப் பார்த்திருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவில்லை. மரத்தாலான சோடாப் பெட்டி ஒன்றைக் காலால் என் பக்கம் தள்ளி, “இரி,” என்றார். இருந்தேன்.

அவர் சொன்ன கதை இது. அவர் பிறப்பதற்கு முன் ஒரு பெருவெள்ளம். வேரோடு வந்த மரம் மோதி ஆறாவது கட்டத்தின் கீழ்த்தண்டு முறிந்தது. மேலே லயத்தில் அரிசி தீர்ந்துகொண்டிருந்தது, பிள்ளைகளுக்குக் காய்ச்சல். தோட்டத்து மேலாளர் மலையிறங்கியிருந்தார், திரும்பி வர வழியில்லை. இசக்கியம்மாவின் தகப்பனாரும் இன்னும் சிலரும் தேயிலை ஆலைக்குப் போய், மாடியில் இலை வாட்டும் தளத்தைத் தாங்கியிருந்த இரும்புச் சட்டங்களில் ஒன்றைக் கழற்றித் தோளில் சுமந்து வந்து, கயிறு கட்டி ஆற்றின் மேல் தொங்கி, அதைப் பொருத்தினார்கள். ரிவெட் அடிக்க உலையில்லை. ஆலையில் இருந்த போல்ட்டுகளைப் போட்டார்கள். அரிசி போனது, பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு இறங்கினார்கள். மேலாளர் திரும்பி வருவதற்குள் அதே நிறத்தில் பெயிண்ட் அடித்தார்கள். கேட்காமல் ஆலை இரும்பை எடுத்தது தெரிந்தால் வேலையும் போகும், லயத்து வீடும் போகும். ஆகவே அதைப் பற்றி எவரும் பேசக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டார்கள்.

கோப்பில் குறிப்பு ஏன் இல்லை என்று இப்போது புரிகிறதல்லவா? அந்த வெற்றிடம் தற்செயலானதல்ல. வேலையும் வீடும் போகுமென்று பயந்தவர்கள் அதை அப்படிக் காத்து வைத்திருந்தார்கள். நான் அதைச் சான்றாகத் தூக்கிப் பிடித்து அவையை நம்பச் சொன்னேன்.

மறுநாள் காலை நம் மூத்த பொறியாளரிடம் படத்தைக் காட்டினேன். நீங்கள் அவரைச் சந்தித்திருக்க முடியாது. இப்போது அவர் இங்கே இல்லை. நல்ல பொறியாளர், நிதானமானவர். வெகுநேரம் படத்தைப் பார்த்தார். பிறகு தானும் அந்தப் பக்கம் போகவில்லை என்று ஒப்புக்கொண்டார். கடைக்காரி சண்டைக்காரி என்று ஊரில் சொன்னதால், தண்டின் கனத்தை அளந்த நான்கு இடங்களையும் சாலைப் பக்கமே எடுத்திருந்தார். மீதியை என் வரலாற்றுத் தாளை நம்பிக் கணக்கிட்டிருந்தார். ‘ஒரு தண்டு மாற்றப்படவில்லை’ என்ற என் அலங்கார வாக்கியம் அவருடைய கணக்கில் ஒரு சான்றாக உட்கார்ந்திருந்தது. நான் கைதட்டலுக்காகச் செய்த வாக்கியத்தின் மேல் இருநூறு பெண்கள் தாலம் ஏந்தி நிற்கப் போகிறார்கள்.

முடிவைப் பதிவு செய்து கையெழுத்திடும் இரண்டாம் அமர்வு அந்த வெள்ளிக்கிழமை இருந்தது. மேடையில் இதைச் சொன்னால் பாலத்தை நாம் இழந்துவிடுவோம் என்று அவர் எச்சரித்தார். அது தவறான கணிப்பல்ல. இரும்பைப் பிரித்துக்கொண்டு போகக் காத்திருப்பவர்கள் இருந்தார்கள். கீழே தள்ளிக் கட்டுவதை விரும்பாதவர்களும் இருந்தார்கள். ஊராட்சிக்கும் விழாக்குழுவுக்கும் எழுத்தில் ஒரு திருத்தம் அனுப்பலாம் என்றார்.

“ஒரு லெட்டர் போதும் மோளே,” என்றார். “ஸ்டேஜ் வேண்டா.”

அரை நாள் யோசித்தேன். அவர் கோழையல்ல, அவருக்கும் அந்தப் பாலத்தின் மேல் பாசம் இருந்தது. ஆனால் கடிதம் போனால் ஒரு குமாஸ்தா அதைப் பிரிப்பார், ஒரு கோப்பில் வைப்பார். நான் பேசியதைக் கேட்டவர்கள் எவரும் அதைப் படிக்க மாட்டார்கள். அவர்கள் காதில் என் குரல்தான் இருக்கிறது. அந்தக் குரலை நம்பி அவர்கள் பாலத்தின் நடுவில் நிற்பார்கள். குரலால் கொடுத்ததைக் குரலால்தான் திரும்ப வாங்க முடியும். அதே மண்டபத்தில், அதே ஆட்கள் முன்னால்.

விழாக்குழுவுக்கு அன்றே தொலைபேசியில் சொன்னேன். கூட்டத்தில் எல்லாருக்கும் சொல்லும்வரை ஊர்வல வழியை உறுதி செய்யாமல் காத்திருப்பதாக அவர்கள் வேண்டாவெறுப்பாகச் சொன்னார்கள். பொறியாளரிடம், மேடையில் நான் பேசுகிறேன், கடிதத்தை நீங்கள் அனுப்புங்கள், இரண்டுமே போகட்டும் என்றேன். அவர் தடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்னோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அதற்கு நான் என்றும் நன்றியுடையவள்.

எதிரியின் வாதத்தை எப்படி உடைப்பது என்று எனக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அன்று உடைக்க வேண்டியிருந்தது என் சொந்தப் பேச்சை. அதுவும் நான் செய்தவற்றில் மிக வலுவானது. மூன்று நிமிடம் பேசினேன். சென்ற கூட்டத்தில் நான் சொன்ன ஒரு வாக்கியம் தவறு. அதை நான் சோதிக்காமல் சொன்னேன். ஆறாவது கட்டத்தின் கீழ்த்தண்டு பிற்காலத்தில் மாற்றப்பட்டது. அதைச் சரிபார்க்கும்வரை பாலத்தின் மேல் எவரும் நிற்கக் கூடாது. இதைச் சொன்னவர் இசக்கியம்மா, அவரைக் கேலி செய்து உட்கார வைத்தவள் நான். இவ்வளவையும் மலையாளத்தில் சொன்னேன். பிறகு பின்வரிசையை நோக்கித் திரும்பி முதலிலிருந்து தமிழில் சொன்னேன்.

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஜீப் ஓட்டுகிற ஒருவர் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: “அன்னு பறஞ்ஞதோ நேரு, இன்னு பறயுன்னதோ?” அன்று சொன்னது உண்மையா, இன்று சொல்வது உண்மையா என்கிறார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிரிப்பதற்குத் தயாராக இருந்தார்கள். இம்முறை என்னைப் பார்த்து.

“இன்று சொல்வதை நீங்களே போய்ப் பார்க்கலாம்,” என்றேன். “அன்று சொன்னதை நானே போய்ப் பார்க்கவில்லை.”

எவரும் சிரிக்கவில்லை. ஜீப்காரர் கட்டிய கையை அவிழ்த்தார். எனக்கு ஒதுக்கிய நேரத்தில் இன்னும் பதினேழு நிமிடம் இருந்தது. ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்கு நடந்தேன். அதை இசக்கியம்மாவிடம் கொடுத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் ஒலிவாங்கியைச் சந்தேகத்தோடு பிடித்தார். எனக்குச் சொன்ன கதையை அவைக்கும் சொன்னார்: மரம், அரிசி, ஆலை இரும்பு, பெயிண்ட். அழகாகச் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு இடத்தில் மறந்தார், ஒரு இடத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவரைத் திட்டினார். ஆனால் லயத்துக்காரர்கள் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் கண்டேன். என் இருபது நிமிடத்தில் உலையும் கப்பலும் காளையும் இருந்தன. அவர்கள் இருக்கவில்லை.

கதை முடிந்ததும் எல்லாரும் படிக்கட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஊராட்சித் தலைவர் முதல் ஜீப்காரர் வரை ஒவ்வொருவராகக் கடைக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றி, படியிறங்கி, ஆறு மூலைகளை எண்ணிவிட்டுத் திரும்பினார்கள். இசக்கியம்மா வாசலில் நின்று, அரிசி மூட்டையில் உரசாமல் போகச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார். லயத்துப் பெரியவர் ஒருவர் வெகுநேரம் படியிலேயே நின்றார். ஏறி வந்ததும் எங்களிடம் சொன்னார்: “பாலம் கம்பெனிக்காரனோடதுன்னுல்ல இத்தன நாளு நெனச்சிருந்தோம்.”

மண்டபத்துக்குத் திரும்பியதும் விழாக்குழு தானாகவே எழுந்து, ஊர்வலம் இந்த ஆண்டும் சுற்றுவழியில்தான் என்றது. பிறகு பாலத்தைப் பற்றிய கேள்வி மறுபடி அவைக்கு வந்தது. அந்த ஒரு துண்டை மாற்றிப் புதுத் துண்டு வைத்தால் நடைபாலமாக நிற்கும், அதுவரை அடைத்தே வைக்க வேண்டும், வேலை எப்போது முடியுமென்று வாக்களிக்க முடியாது என்று நம் பொறியாளர் ஒளிக்காமல் சொன்னார். சென்ற முறை கைதட்டிய முன்வரிசையில் பலர் தயங்கினார்கள். அடைத்துக் கிடக்கிற பாலத்தால் அவர்களுக்கு என்ன பயன்? தோற்றுவிட்டோம் என்று எண்ணினேன்.

அப்போது பின்வரிசை எழுந்தது. சென்ற முறை ஒரு கைகூட உயர்த்தாதவர்கள். பழைய துண்டைக் கழற்றினாலும் தூக்கிப் போடக் கூடாது, பாலத்தின் தலைமாட்டில் வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். கைகளை எண்ணத் தேவை இருக்கவில்லை. பாலம் நின்றது. இசக்கியம்மா பாலத்துக்காகக் கை உயர்த்தவில்லை, எதிர்த்தும் உயர்த்தவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, தன் வாயால் சொன்ன கதை தன் கடையை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிற்பாடு பொறியாளர்கள் ஆறாவது கட்டத்தைச் சோதித்தார்கள். உட்புறம் துரு அரித்திருந்தது. விழாவன்று தாங்கியிருக்குமா என்று என்னைப் பலரும் கேட்டிருக்கிறார்கள். தாங்கியிருக்கலாம்; தாங்காமலும் போயிருக்கலாம். அதை அறிந்துகொள்ள ஆட்களை அங்கே நிறுத்திப் பார்க்கும் உரிமை நமக்கு இல்லை. அவ்வளவே என் விடை.

உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். நீங்கள் நன்றாகப் பேசுவீர்கள். அதனால்தான் இங்கே வந்திருக்கிறீர்கள். பேசுங்கள், அடக்கி வாசிக்காதீர்கள். ஆனால் உங்கள் வாக்கியத்தின் மேல் ஏறி எவரோ ஒருவர் நிற்பார் என்பதை ஒவ்வொரு முறையும் எண்ணிப் பாருங்கள். எதிர்த்துப் பேசுகிறவருக்கு என்ன ஆதாயம் என்று தேடுமுன், அவர் நிற்கிற இடத்திலிருந்து என்ன தெரிகிறது என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். தவறினால், தவறிய இடத்திலேயே எழுந்து நின்று திருத்துங்கள். பேசி வென்ற நாட்களில் எனக்குத் தொண்டை வலித்ததுதான் நினைவிருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை எனக்குத் தொண்டை வலிக்கவில்லை. நான் சரியாகப் பேசிய நாள் அது என்று தலை நிமிர்ந்து சொல்வேன்.

ஒரு வேலை மிச்சமிருந்தது: வரலாற்றுத் தாளைத் திருத்தி எழுதுவது. அதற்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும். இரண்டு வாரம் கழித்துத் தாளோடு கடைக்குப் போனேன். நில அளவைக்காரர்கள் வந்துபோயிருந்தார்கள். கடைக்குள்ளே தரையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் சிவப்புக் கோடு ஒன்று ஓடியது. நான் அதைப் பார்ப்பதை இசக்கியம்மா பார்த்தார். தாளை வாங்கி மெதுவாகப் படித்தார்.

“தோட்டத் தொழிலாளர்கள் சிலர்னு எழுதியிருக்கே,” என்றார். “சிலருக்குப் பேரில்லியா?”

பெயர் எழுதலாமா என்று கேட்கத்தான் வந்தேன் என்றேன். அவர் தகப்பனார் பெயரைச் சொன்னார்: சுடலைமுத்து. பிறகு தங்கையா, அருளப்பன். மொத்தம் நான்கு பேர். நான்காவது ஆள் யாரென்று தகப்பனார் சாகும்வரை சொல்லவில்லையாம். அந்த ஆளின் பிள்ளைகள் ஆலையில் வேலை பார்த்ததால் பயம். மூன்று பெயரோடு எழுதிக்கொள்ளவா என்று கேட்டேன்.

“நாலு பேரு தூக்கினத மூணு பேரு தூக்கினதா எழுதுவியா? இரி. ஆளு விட்டுக் கேக்கேன்.”

லயத்துக்குப் போகும் ஜீப்பில் சொல்லி அனுப்பினார். நான் சோடாப் பெட்டியில் உட்கார்ந்தேன். நண்பகல் பேருந்து போனது; இரண்டு மணிப் பேருந்து போனது. இடையில் எனக்கு மரச்சீனிக் கிழங்கும் தொட்டுக்கொள்ள மிளகுச் சம்மந்தியும் தந்தார். சாப்பிட்ட இலையை நானே ஆற்றோரம் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்றும் சொன்னார். என் பணிக்காலத்தில் ஒரு பெயருக்காக நான் அவ்வளவு நேரம் வாய்மூடி உட்கார்ந்திருந்தது அன்றுதான்.

நான்கு மணிக்கு மேல், வெளி ஆலை லாரிக்குத் தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, தோளில் சாக்குத் துணியோடு ஒரு பெண் இறங்கி வந்தார். நாற்பது வயதிருக்கும். கடைக்குள் வந்து தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இசக்கியம்மாவைப் பார்த்தார்.

“எங்க மாமனாருதான்,” என்றார் தணிந்த குரலில். “சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. எழுதினா ஒண்ணும் ஆகாதுல்லா? ஆலையில கேக்க மாட்டாங்கல்லா?”

“ஆலை அடச்சு எத்தற வருசமாச்சு,” என்றார் இசக்கியம்மா. “கேக்க அங்க ஆரு இருக்கா? சொல்லு.”

அவர் சொன்னார்: மாடசாமி. எழுதினேன். நான்கு பெயர்களையும் உரக்க வாசித்துக் காட்டினேன். அந்தப் பெண் சாக்குத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இசக்கியம்மா தாளைத் தராசு மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

“இத எப்ப ஊருக்கு வாசிப்பே?”

புதுத் துண்டு பொருத்திப் பாலம் திறக்கிற அன்று என்றேன். அவரும் வர வேண்டும், கடையை ஒரு மணி நேரம் அடைத்துவிட்டாவது வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

இசக்கியம்மா தரையில் ஓடிய சிவப்புக் கோட்டைக் காலால் ஒருமுறை தேய்த்தார்.

“அன்னைக்கு அடைக்கதுக்குக் கட இருக்காது மோளே,” என்றார். “நேரத்தோடயே வந்திருவேன்.”